ஈரல் குருதியை உண்டாக்குகிறதா?

குருதி எங்கே உண்டாகிறது என்று கேட்டால், உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த எவரும் 'என்பு மச்சையில்' என்று பதில் சொல்வர். வளர்ந்த மனிதரைப் பொறுத்தவரை இது சரியான பதில்தான். இடுப்பென்பு, மார்புப்பட்டை, விலா என்புகள், முள்ளந்தண்டென்புகள் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் செம்மச்சை ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குழியங்களை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே மனிதர் தாயின் கருப்பையில் மூன்று மாதச் சிசுவாக இருந்தபோது, அவருடைய எலும்புக்கூட்டின் பெரும்பகுதி இன்னும் கசியிழையமாகவே இருந்தது. மச்சைக்குழி என்று சொல்லத்தக்க ஒன்று அப்போதுதான் தோன்றத் தொடங்கியிருந்தது. ஆயினும் அவருடைய இதயம் அடித்தது, குருதி ஓடியது. அந்தக் குருதியின் பெரும்பகுதி ஈரலிலிருந்தே வந்தது.

இது மருத்துவ மாணவருக்கு உரிய விடயம், கருத்து விவாதங்களுக்கான ஒரு காலாண்டிதழில் இதற்கென்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, 'இரத்தம்' என்ற சொல்லை நாம் எமது விவாதங்களில் தாராளமாகப் பாவிக்கிறோம். இரத்த உறவு என்கிறோம், இரத்தத்தில் ஊறியது என்கிறோம், சிலர் இன்னும் தூய இரத்தம் என்றுகூடச் சொல்கிறார்கள். சொல்பவர்கள் அந்தப் பொருளின் பிறப்பு வரலாற்றை ஒருமுறையாவது அறிந்திருப்பது நல்லது. இரண்டாவது காரணம் ஒரு குடும்பத்தின் துயரோடு சம்பந்தப்பட்டது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியிற் சொல்கிறேன்.

கலைச்சொற்கள் பற்றி ஒரு குறிப்பு. நான் கற்பித்த காலத்துச் சொற்களையே இங்கு கையாளுகிறேன். தமிழகத்து நண்பர்கள் 'கலம்' என்பதைச் செல் என்றும், 'என்பு மச்சை' என்பதை எலும்பு மஞ்ஞை என்றும் வாசித்துக்கொள்ளலாம். கருக்கட்டலிலிருந்து எட்டு வாரம் வரை முளையம். அதற்குப் பின்னர் உள்ளதை எமது பாடநூல்கள் 'முதிர்மூலவுரு' என்றன. அதை உச்சரித்து முடிப்பதற்குள் மாணவர் களைத்துவிடுவர். ஆகவே சிசு என்றே எழுதுகிறேன். வாரக்கணக்கு எல்லாம் கருக்கட்டிய நாளிலிருந்து எண்ணப்படுவது. வைத்தியர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவதால் அவர்களுடைய கணக்கில் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும்.

1. ஒரு பழைய வழக்கு

ஈரல்தான் குருதியை ஆக்குகிறது என்பது மிகப் பழைய கருத்து. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கேலன், உண்ட உணவு ஈரலுக்குச் சென்று அங்கே குருதியாக மாறுகிறது என்றும், நாளங்கள் யாவும் ஈரலிலிருந்தே புறப்படுகின்றன என்றும் போதித்தார். எமது பக்கத்தில் சுசுருத சங்கிதை, ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கியுள்ள இரஞ்சக பித்தம் உணவின் சாரத்துக்குச் சிவப்பு நிறமூட்டிக் குருதியாக்குகிறது என்கிறது. ஐரோப்பாவில் கேலனுடைய கருத்து ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஆட்சி செய்தது. 1628 இல் வில்லியம் ஹாவி குருதிச் சுற்றோட்டத்தை நிறுவியதும் அதன் அத்திவாரம் ஆடியது. நிணநீர்க் கலன்கள் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து 1653 இல் டென்மார்க்கைச் சேர்ந்த தோமஸ் பார்தொலின், ஈரலின் ஆட்சி முடிந்துவிட்டது என்று அதற்குக் கேலியாக ஒரு கல்லறை வாசகமே எழுதினார்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 1840களில் நுணுக்குக்காட்டியால் முளையங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றின் ஈரலில் கருவுள்ள இளம் செங்குழியங்கள் கூட்டம் கூட்டமாக இருப்பதைக் கண்டனர். அல்பேட் கொலிக்கர் இவ்வாராய்ச்சியில் முக்கியமானவர். 1868 இல் ஏர்ன்ஸ்ட் நொய்மன் வளர்ந்தோரின் குருதி என்பு மச்சையில் உண்டாகிறது என்று நிறுவினார். இத்தாலியில் பிற்சொசேரோவும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார். ஆக, வளர்ந்தவரில் மச்சை, சிசுவில் ஈரல் என்று இரண்டு பதில்கள் கிடைத்தன.

இந்த இடத்தில் 'எமது முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்று கிளம்புபவர்கள் இருப்பார்கள். அப்படியல்ல. கேலனும் சுசுருதரும் பேசியது உணவு உண்ணும் மனிதரின் ஈரலைப் பற்றி. வெட்டினால் குருதி பெருகும் ஒரு சிவந்த உறுப்பைக் கண்டு அவர்கள் செய்த ஊகம் அது. அந்த ஊகம் வளர்ந்தவர் விடயத்திற் பிழையானது. சிசுவின் விடயத்தில் அது தற்செயலாகப் பொருந்திப்போகிறது. தற்செயலான பொருத்தத்தை அறிவு என்று கொள்ளுவது அந்த முன்னோருக்கும் மரியாதையில்லை.

2. ஈரலுக்கு முன்

மனித முளையத்தில் முதற் குருதி தோன்றுவது முளையத்துக்கு வெளியே. கருக்கட்டி மூன்றாம் வாரத்தில், முளையத்துடன் தொங்கும் கருவூண் பையின் சுவரில் 'குருதித் தீவுகள்' உண்டாகின்றன. கோழி முட்டையில் மஞ்சட்கருவைச் சுற்றியிருக்கும் பைக்கு ஒப்பானது இது. இங்கே உருவாகும் செங்குழியங்கள் பெரியவை. அவை சுற்றோட்டத்துக்கு வரும்போது கருவையும் உடன் கொண்டுவருகின்றன. 22 ஆம் நாளளவில் இதயம் அடிக்கத் தொடங்கும்போது தள்ளப்படுவது இந்தக் கலங்களே.

ஆனால் இவை ஆயுள் முழுவதற்கும் போதாதவை. ஒரு மனிதருக்கு எண்பது தொண்ணூறு ஆண்டுகள் குருதி வழங்கவேண்டுமாயின், தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளவும் எல்லா வகைக் குருதிக் கலங்களாகப் பிரியவும் வல்ல மூலக்கலங்கள் வேண்டும். அவை கருவூண் பையிலிருந்தே வருகின்றன என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. 1975 இல் பிரான்சில் பிரான்சுவாஸ் டியெற்றேர்லென்-லியேவர், காடை முளையத்தைக் கோழியின் கருவூண் பைமீது ஒட்டி வளர்த்தார். காடையின் கலங்களையும் கோழியின் கலங்களையும் நுணுக்குக்காட்டியில் பிரித்தறியலாம். நிலையான குருதிக் கலங்கள் காடையினவாக, அதாவது முளையத்தின் உடலுக்குள்ளிருந்தே வந்தவையாக இருந்தன. பின்னைய ஆய்வுகள் அந்த இடத்தைச் சரியாகக் காட்டின. மனிதரில் நான்காம் வார முடிவளவில், முதுகுப்புறப் பெருநாடியின் கீழ்ச்சுவரில் உள்ள அகவணிக் கலங்கள் சில, சுவரிலிருந்து புடைத்து, உருண்டு, குருதிக்குள் விழுகின்றன. குழாயின் சுவராக இருந்த கலம் குழாயில் ஓடும் கலமாக மாறுகிறது. 2010 இல் இது வரிக்குதிரை மீனின் உயிருள்ள முளையத்தில் நேரடியாகவே படம்பிடிக்கப்பட்டது.

இவ்வாறு தோன்றும் மூலக்கலங்கள் மிகச் சிலவே. அவை ஓரிடத்தில் தங்கி, முதிர்ந்து, வேலை தொடங்கவேண்டும். அந்த இடம் ஈரல்.

3. ஈரல் என்ன கொடுக்கிறது?

ஈரல் நான்காம் வாரத்தில் முன்குடலின் அடிப்பகுதியிலிருந்து ஓர் அரும்பாக முளைக்கிறது. பக்கத்தில் இருக்கும் இதய இழையமும் சுற்றியுள்ள இணைப்பிழையமும் அனுப்பும் புரதச் சமிக்ஞைகள் இல்லாமல் அது ஈரலாகாது. அரும்பு விரியும்போதே அதற்குள் மெல்லிய சுவர்கொண்ட குருதிக் குடாக்கள் பரவுகின்றன. 23 ஆம் நாளளவில் கருவூண் பையிலிருந்து வந்த கலங்கள் அதற்குட் குடியேறுகின்றன. ஒரு வாரத்தின் பின், பெருநாடிச் சுவரில் தோன்றிய மூலக்கலங்கள் வருகின்றன.

எனவே தலைப்பிலுள்ள கேள்விக்கு ஒரு பகுதிப் பதில் இப்போதே கிடைக்கிறது. ஈரற்கலங்கள் குருதிக்கலங்களாக மாறுவதில்லை. ஈரற்கலம் முளையத்தின் உட்படையிலிருந்து வருவது. குருதிக்கலம் நடுப்படையிலிருந்து வருவது. 1975 இல் ஜோன்சனும் மூரும் சுண்டெலி முளையத்தின் ஈரல் அரும்பை, வெளியிலிருந்து கலங்கள் வந்து சேருமுன் பிரித்தெடுத்து வளர்த்தபோது அதில் குருதி தோன்றவில்லை. 1996 இல் வேறொரு சான்று வந்தது. ரன்ஸ்1 என்ற பரம்பரையலகு இல்லாத சுண்டெலி முளையங்களில் கருவூண் பையின் முதற் குருதி தோன்றியது, ஈரலும் தோன்றியது, ஆனால் அந்த ஈரல் குருதியின்றி வெளிறிக் கிடந்தது. முளையங்கள் கருக்கால நடுவிலேயே இறந்தன. மூலக்கலம் வராவிட்டால் ஈரலால் ஒன்றும் செய்ய இயலாது.

நான் இப்போது தொழிற்சாலையில் வேலை செய்பவன் என்ற வகையில் இதை விளங்கிக்கொள்வது எனக்குச் சுலபம். கட்டடம், மின்சாரம், மூலப்பொருள் எல்லாம் ஓரிடத்துக்கு உரியவை. வேலை செய்யும் கைகள் வேறிடத்திலிருந்து வந்தவை. அந்தக் கட்டடம் என்னென்ன வழங்குகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, ஓட்டம். சூல்வித்தகத்தில் ஒட்சிசனும் போசணையும் பெற்ற குருதி கொப்பூழ் நாளம் வழியாக நேரே ஈரலை நோக்கி வருகிறது. ஒரு பகுதி குறுக்குவழியால் இதயத்துக்குப் போனாலும், பெரும்பகுதி ஈரலினூடாகவே செல்கிறது. சிசுவின் வேறெந்த உறுப்பும் இவ்வளவு நல்ல குருதியைப் பெறுவதில்லை.

இரண்டாவது, சமிக்ஞைகள். முதிராத ஈரற்கலங்களும் குருதிக் குடாக்களின் சுவர்களும் மூலக்கலக் காரணி, துரொம்போபொயற்றின் முதலான புரதங்களைச் சுரக்கின்றன. செங்குழிய உற்பத்தியைத் தூண்டும் எரித்திரோபொயற்றின் என்ற ஓமோனை எம்மில் பெரும்பாலும் சிறுநீரகமே சுரக்கிறது. சிசுவிலோ அந்த வேலை ஈரலினுடையது. ஆகவே ஒரே உறுப்பு கட்டளையிடும் இடமாகவும் கட்டளை நிறைவேறும் இடமாகவும் இருக்கிறது.

மூன்றாவது, துப்புரவு. ஈரலினுள் ஒவ்வொரு பெரிய தின்குழியத்தையும் சூழ்ந்து இளம் செங்குழியங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்த அமைப்பை 1958 இல் மார்சல் பெசி மச்சையில் விபரித்தார். ஈரலிலும் அதுவே உண்டு. செங்குழியம் முதிரும்போது தன் கருவை வெளியே தள்ளுகிறது. நடுவிலிருக்கும் தின்குழியம் அதை விழுங்கிச் செரிக்கிறது. இது அற்பமான வேலை அல்ல. கருவிலுள்ள டி.என்.ஏ.யைச் செரிக்கும் நொதியம் இல்லாத சுண்டெலிச் சிசுக்கள் கடும் குருதிச்சோகையால் பிறக்குமுன்னரே இறந்துபோவதை யப்பானிய ஆய்வாளர்கள் 2001 இல் காட்டினர். குப்பை அள்ள ஆளில்லாத பட்டறை எவ்வளவு திறமையான தொழிலாளர் இருந்தாலும் நின்றுபோகும்.

நான்காவது, பாதுகாப்பு. விரைவாகப் பெருகும் கலத்தினுள் புரதங்கள் பிழையாக மடிந்து தேங்கும். 2016 இல் வெளிவந்த ஒரு ஆய்வு, பித்த அமிலங்கள் இந்தத் தேக்கத்தைக் குறைத்து மூலக்கலங்களைக் காப்பதாகச் சுண்டெலியில் காட்டியது. அந்தப் பித்த அமிலங்களில் ஒரு பகுதி சிசுவினுடையது; ஒரு பகுதி சூல்வித்தகத்தினூடாகத் தாயிடமிருந்து வருவது.

இவற்றின் விளைவாக ஆறாம் ஏழாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ ஆறாம் மாதம் வரை ஈரலே குருதியாக்கத்தின் பிரதான இடமாகிறது. பத்தாம் வாரத்தில் சிசுவின் உடல் நிறையில் ஏறத்தாழ 10 சதவீதம் ஈரல். பிறக்கும்போது அது 5 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. செங்குழியங்கள் மாத்திரமன்றி, குருதிச் சிறுதட்டுக்களும், பி நிணநீர்க்குழியங்களும், தைமஸ் சுரப்பிக்குச் சென்று ரி நிணநீர்க்குழியங்களாக மாறப்போகும் முன்னோடிகளும் இங்கிருந்தே புறப்படுகின்றன. 2019 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் 7 முதல் 17 வாரம் வரையான மனிதச் சிசுக்களின் ஈரலிலிருந்து ஏறத்தாழ 1,40,000 கலங்களைத் தனித்தனியாகப் பகுப்பாய்வு செய்து ஒரு வரைபடம் தயாரித்தனர். வாரங்கள் செல்லச்செல்ல மூலக்கலங்கள் எந்த வகைக் கலங்களை உண்டாக்குகின்றன என்ற விகிதம் மாறிச்செல்வதை அது காட்டியது.

இங்கே ஒரு விவாதத்தையும் பதிவுசெய்யவேண்டும். மூலக்கலங்கள் ஈரலில் பன்மடங்கு பெருகுகின்றன என்பது நெடுங்காலப் பாடம். சுண்டெலியில் நான்கு நாளில் ஏறத்தாழ 38 மடங்கு என்று 2000 ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு கணித்தது. 2022 இல் வெளிவந்த ஆய்வுகள் இதைக் கேள்விக்குள்ளாக்கின. நீண்டகாலம் நிலைக்கும் மூலக்கலங்கள் ஈரலில் அதிகம் பெருகுவதில்லை. பெருகுவனவற்றுட் பெரும்பாலானவை அன்றாடத் தேவைக்குக் கலங்களை ஆக்கித் தீர்ந்துபோகும் முன்னோடிகள். அவற்றுட் பல மூலக்கலத்தின் வழித்தோன்றல்களே அல்ல, இணையாகத் தோன்றியவை என்பது புதிய வாதம். அதாவது சிசுவின் அன்றாடச் செலவு ஒரு கணக்கிலும், ஆயுட்காலச் சேமிப்பு வேறொரு கணக்கிலும் ஓடுகின்றன. பாடநூலில் அச்சானது என்பதற்காக ஒரு கருத்து முடிந்த முடிவாகிவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

4. வேலை முடிவது எப்படி?

எனக்கு மிகவும் சுவையான பகுதி இதுதான். இவ்வளவு வேலை செய்த இடம் ஏன் நிறுத்துகிறது?

ஒரு பதில் ஈரலின் முதிர்ச்சியிலிருக்கிறது. ஈரலில் குடியிருக்கும் குருதிக்கலங்கள் ஒன்கொஸ்ரற்றின் எம் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது, வேறு ஓமோன்களுடன் சேர்ந்து, ஈரற்கலங்களை முதிரச்செய்கிறது. முதிர்ந்த ஈரற்கலம் குளுக்கோசைச் சேமிக்கும், நஞ்சகற்றும், புரதங்களை ஆக்கும். ஆனால் குருதியாக்கத்துக்கு அது ஆதரவு தருவதில்லை. 1999 இல் யப்பானில் சுண்டெலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளின் முடிவு இது. தங்கியிருந்தவர்களே இடத்தை முதிரச்செய்து தமக்கு ஒவ்வாததாக்குகிறார்கள்.

இன்னொரு பதில் குருதிக் கலன்களில் இருக்கிறது. ஈரல் வாயினாளத்தின் கிளைகளைச் சுற்றியுள்ள சில கலங்கள் மூலக்கலங்களுக்கு உறைவிடமாக இருப்பதை 2016 இல் சுண்டெலியில் கண்டனர். பிறந்தவுடன் கொப்பூழ் வழிக் குருதியோட்டம் நின்றுபோகிறது. அதுவரை நாடியின் இயல்பு கொண்டிருந்த அக்கலன்கள் நாளத்தின் இயல்புக்கு மாறுகின்றன, உறைவிடக் கலங்கள் அழிகின்றன, மூலக்கலங்கள் வெளியேறுகின்றன.

மூன்றாவது, போகுமிடம். பதினோராம் வாரமளவில் என்புகளின் நடுவே குருதிக்கலன்கள் புகுந்து மச்சைக்குழியை உண்டாக்குகின்றன. அங்குள்ள கலங்கள் சுரக்கும் சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதம் மூலக்கலங்களை ஈர்க்கிறது. இது இல்லாத சுண்டெலிச் சிசுக்களில் ஈரலில் மைலோயிட் வகைக் கலங்களின் ஆக்கம் நடந்தது, மச்சையில் நடக்கவில்லை என்று 1996 இலேயே காட்டப்பட்டது. கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் மச்சை பொறுப்பேற்கிறது. பிறந்து சில வாரங்களில் ஈரலின் இந்த வேலை ஓய்ந்துவிடுகிறது. பிறக்கும் தருவாயில் மூலக்கலங்கள் குருதியில் ஓடிக்கொண்டிருப்பதால்தான் கொப்பூழ்க்கொடிக் குருதி மருத்துவத்துக்குப் பயன்படுகிறது. 1988 இல் பரிசில் எலியான் குளுக்மன் அதைக்கொண்டு முதல் மாற்றுச் சிகிச்சையைச் செய்தார்.

ஓய்ந்த ஈரல் நெருக்கடியில் மீண்டும் அழைக்கப்படுவதும் உண்டு. மச்சை நார்த்தன்மையடையும் நோயிலும், சிகிச்சை பெறாத கடும் தலசீமியாவிலும் வளர்ந்தவரின் ஈரலிலும் மண்ணீரலிலும் குருதியாக்கம் திரும்பத் தொடங்கும். சிசுவிலேயே ஈரல் அளவுக்கு மீறி வேலை வாங்கப்படுவதும் உண்டு. றீசஸ் முரண்பாட்டில் தாயின் பிறபொருளெதிரிகள் சிசுவின் செங்குழியங்களை அழிக்கும்போது, ஈரல் இழப்பை ஈடுசெய்ய முனைந்து வீங்குகிறது. அதன் ஏனைய வேலைகள் கெட, சிசுவின் உடலெங்கும் நீர் கோர்க்கிறது. 1963 இல் நியூசிலாந்தில் வில்லியம் லைலி கருப்பையிலிருக்கும் சிசுவுக்கே குருதி ஏற்றிக் காட்டினார். 1968 இலிருந்து தாய்க்குப் போடப்படும் அன்ரி-டி ஊசி இந்நோயைப் பெருமளவு தடுத்துவிட்டது.

5. ஆறு மாதத்துக்குப் பின் வரும் நோய்

நான் ஆரம்பத்திற் சொன்ன குடும்பத்தின் விடயத்துக்கு வருகிறேன். என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பி, இடைவேளையில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சேர், பிறக்கேக்கை பிள்ளை நல்லாத்தானே இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகுதான் வெளிறத் தொடங்கினது. இவளின்ரை பாலிலை ஏதோ குறை எண்டு அம்மா ஊரிலை இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறா. அப்பிடி இருக்குமோ?" குழந்தைக்கு பீற்றா தலசீமியா என்று வைத்தியசாலையில் சொல்லியிருந்தார்கள். மொழி சரியாக விளங்காததால் காரணம் விளங்கவில்லை. மாமியாரின் விளக்கம் மட்டும் தமிழில் தெளிவாக இருந்தது.

அந்தத் தாயின் பாலில் எந்தக் குறையும் இல்லை. சிசுவின் செங்குழியங்களில் இருப்பது எம்மில் உள்ள ஈமோகுளோபின் அல்ல. வளர்ந்தவரின் ஈமோகுளோபினில் இரண்டு அல்பா சங்கிலிகளும் இரண்டு பீற்றா சங்கிலிகளும் உண்டு. சிசுவினதில் பீற்றாவுக்குப் பதிலாகக் காமா சங்கிலிகள். இந்த ஈமோகுளோபின் ஒட்சிசனைக் கூடுதலாகப் பற்றிப்பிடிக்கும். அதனாற்றான் தாயின் குருதியிலிருந்து ஒட்சிசனைப் பெறமுடிகிறது. பிறப்பை அண்டிக் காமா குறைந்து பீற்றா கூடுகிறது. பிறந்து ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் மாற்றம் முடிவடைகிறது. பீற்றா சங்கிலிக்கான பரம்பரையலகு இரண்டும் பழுதாகப் பெற்ற குழந்தை, காமா இருக்கும்வரை சுகமாக இருக்கும். காமா ஓய்ந்ததும் நோய் வெளிப்படும். அந்தப் பழுதுகளில் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தகப்பனிடமிருந்தும் வந்தவை. அரிவாட் கலச் சோகையும் இவ்வாறே பிந்தி வெளிப்படுவதைக் கவனித்து, சிசுவின் ஈமோகுளோபின் குழந்தையைக் காக்கிறது என்று 1948 இல் ஜனற் வற்சன் எழுதினார்.

ஒரு தெளிவு அவசியம். ஈரல் சிசு ஈமோகுளோபினை ஆக்குகிறது, மச்சை வளர்ந்தோரினதை ஆக்குகிறது என்று சிலர் சுருக்கிச் சொல்வர். அது பிழை. ஒரே காலத்தில் ஈரலிலும் மச்சையிலும் ஆக்கப்படும் ஈமோகுளோபின் ஒரே விகிதத்திலேயே இருக்கிறது. ஏழு மாதத்தில் பிறந்த குழந்தையும் கருக்கட்டிய நாளிலிருந்து ஓடும் கணக்கின்படியே மாறுகிறது. மாற்றத்தைத் தீர்மானிப்பது இடமல்ல, குருதிக்கலங்களுக்குள் ஓடும் காலக்கணக்கு. அதை நடத்தும் முக்கிய புரதம் பி.சி.எல்.11ஏ என்பது 2008 இல் தெளிவானது. அது காமாவின் பரம்பரையலகை அடக்குகிறது.

அடக்குவதை அடக்கினால்? நோயாளியின் சொந்த மூலக்கலங்களை எடுத்து, அவற்றில் பி.சி.எல்.11ஏயின் செங்குழியத்துக்குரிய ஆளியை வெட்டி, மீண்டும் உடலிற் செலுத்தினால் சிசு ஈமோகுளோபின் திரும்ப உற்பத்தியாகிறது. கஸ்கெவி எனப்படும் இச்சிகிச்சையைப் பிரித்தானியா 2023 நவம்பரில் அனுமதித்தது. அடுத்த மாதம் அமெரிக்காவும் அனுமதித்தது. பிறக்குமுன் ஈரலில் நடந்ததைப் பற்றிய நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி இங்கே மருந்தாகியிருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர் என்று அறிவிக்கப்பட்டது. தலசீமியா அதிகமாயுள்ள நாடுகளில் மாதாந்தம் குருதி ஏற்றுவதற்கும், அதனால் உடலில் தேங்கும் இரும்பை அகற்றும் மருந்துக்குமே குடும்பங்கள் அல்லாடுகின்றன. அறிவு எல்லோருக்கும் பொதுவாகி, பயன் சிலருக்கு மட்டும் போய்ச்சேருவது மருத்துவத்தில் புதிதல்ல.

செலவில்லாத ஒன்றும் உண்டு. சைப்பிரசில் 1970களில் தொடங்கிய காவிப் பரிசோதனைத் திட்டம் இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் தொகையை மிகவும் குறைத்தது. எம்மவரிடையே மச்சான் மச்சாள் கலியாணம் இன்னும் வழக்கத்தில் உள்ளது. பாட்டன் பாட்டியில் ஒருவர் காவியாக இருந்தால், அவர்களின் பேரப்பிள்ளைகள் தம்முள் மணம் செய்யும்போது இருவரும் காவியாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. சாதகப் பொருத்தம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும்; அதற்கு முன் ஒரு குருதிப் பரிசோதனையும் செய்தால் நல்லது. இதைச் சொல்வதற்கு எமது கோயில்களையும் ஊர்ச் சங்கங்களையும் தமிழ்ப் பாடசாலைகளையும்விட வேறு இடம் எமக்கில்லை.

6. 'இரத்தம்' பற்றிப் பேசுவோருக்கு

கருவூண் பையில் தொடங்கி, பெருநாடிச் சுவரில் மறுபடி தோன்றி, ஈரலில் தங்கி, மச்சைக்குப் போகும் குருதியின் கதையை வாசிக்கும் புலம்பெயர்ந்த வாசகர் மனதில் உடனே ஓர் உவமை எழும். நான் அந்த உவமையை எழுத விரும்பவில்லை. மூலக்கலத்தை ஒருவரும் துரத்துவதில்லை. அது விசாவுக்கு நிற்பதில்லை. விட்டு வந்த இடத்தை நினைப்பதுமில்லை. எமது இடப்பெயர்வுக்குக் காரணம் மனிதர் செய்த அரசியல். அதை இயற்கையின் நியதிபோல ஆக்கும் எந்த உவமையும் அந்த அரசியலை மன்னித்துவிடும்.

எதிர்ப்பக்கமாக, இரத்தத்தின் பெயரால் அரசியல் செய்தவர்களின் வரலாறு எமக்குத் தெரியும். 1935 இல் நாசிகள் நூரம்பேர்க்கில் 'ஜேர்மன் குருதியையும் ஜேர்மன் கௌரவத்தையும் பாதுகாக்கும்' சட்டமொன்றை இயற்றினர். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தானமாகக் கிடைத்த குருதியை 1950 வரை கறுப்பர் வெள்ளையர் என்று பெயரிட்டுப் பிரித்து வைத்திருந்தது. சாதியின் பெயரால் எமது ஊர்களில் பேசப்பட்ட 'நல்ல இரத்தம்' இதற்கு உறவினம். உயிரியலிலிருந்து ஒரு நீதி பெறமுடியாது. ஆனால் உயிரியலின் பெயரால் சொல்லப்படும் ஒரு பொய்யை உயிரியலைக் கொண்டு மறுக்கலாம். குருதி என்பது வழிவழியாக ஊற்றப்பட்டு வரும் திரவமல்ல. தாயின் குருதியும் சிசுவின் குருதியும் சூல்வித்தகத்தில் அருகருகே ஓடினாலும் வெவ்வேறானவை. ஒவ்வொரு சிசுவும் தன் குருதியைப் புதிதாகவே ஆக்குகிறது. அதேவேளை அந்த எல்லை முற்றாக மூடிய எல்லையுமல்ல. ஆண் குழந்தை பெற்ற ஒரு தாயின் குருதியில், பிரசவத்தின் 27 ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்குழந்தையின் முன்னோடிக் கலங்கள் இருப்பதை 1996 இல் டயானா பியாங்கியும் சகாக்களும் கண்டனர். பிள்ளைக்குத் தாய் கொடுத்ததை மட்டுமே நாம் பேசுகிறோம். பிள்ளையும் தாயினுள் எதையோ விட்டுச்சென்றிருக்கிறது.

ஆகவே தலைப்பின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஈரல் குருதியின் பிறப்பிடமல்ல. சில மாதங்களுக்கு அது இடமும் ஊட்டமும் கட்டளையும் துப்புரவும் வழங்குகிறது. அந்த வேலை முடிந்ததும் தன் ஆயுட்கால வேலைக்குத் திரும்புகிறது.

அந்தத் தம்பிக்கு இதை விளக்க எனக்கு மூன்று இடைவேளைகள் தேவைப்பட்டன. அவருடைய தாயாருக்கு விளக்க ஒரு தொலைபேசி அழைப்பும் தேவைப்பட்டது. ஊர்களிலும் இந்த நாடுகளிலும் இதே பழியைச் சுமக்கும் தாய்மார் வேறும் இருப்பார்கள். மருத்துவம் படித்த வாசகர்கள், தம்மிடம் வரும் எம்மவர்க்கு இவற்றைத் தமிழில் சொல்லும் சிறு பிரசுரங்களை எழுத முன்வரவேண்டும். சொற்கள் இல்லை என்று சொல்லவேண்டாம். சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார். சொற்கள் இருக்கின்றன, எழுதுவதற்குத்தான் ஆட்கள் வேண்டும்.